சித்திக்கு ஆகாதவை

எனக்கு ஒன்பது வயது நடந்துகொண்டிருந்தபோது, என் சித்தி எதை உண்ணலாம், எதை உண்ணலாகாது என்பதைப் பதிவு செய்யும் பொறுப்பு என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. அதற்கு முன்பு எனக்குக் கிடைத்திருந்த மிக உயர்ந்த பதவி, வகுப்பில் கரும்பலகை துடைப்பது. ஆகவே இந்தப் புதிய நியமனத்தை எத்தகைய பெருமிதத்தோடு ஏற்றிருப்பேன் என்று விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

சித்தி அம்மாவின் ஒரே தங்கை; மணமாகிச் சோழவந்தானில் வாழ்ந்துவந்தார். அக்காளுக்கும் தங்கைக்கும் பெற்றோர் இல்லை. தாயும் தந்தையும் முன்பே காலமாகிவிட்டதால், வில்லாபுரத்தில் நாங்கள் குடியிருந்த மாடிவீடே சித்திக்குத் தாய்வீடு. முதற்பிள்ளைப் பேற்றுக்குப் பெண் ஏழாம் மாதத்தில் தாய்வீடு வருவது எங்கள் வழக்கம். சித்தியோ மாமியார் தடுத்தும் கேளாமல் மூன்றாம் மாதமே வந்துவிட்டார். முந்தைய ஆண்டு அவர் வயிற்றில் தங்கிய கரு, இதே மூன்றாம் மாதத்தில் கலைந்துபோயிருந்தது. இந்த முறை அவ்வாறு நேர்ந்துவிடக் கூடாது என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். பெரியவர்கள் என் முன்னிலையில் அதைப் பேசுவதில்லை. ஆனால் பேசாமல் விட்ட இடங்களைக் கொண்டே நான் முழுவதையும் அறிந்துவைத்திருந்தேன், அல்லது அறிந்திருப்பதாக எண்ணியிருந்தேன்.

சித்தி வந்த அன்று மாலையே அம்மா எழுதாத குறிப்பேடு ஒன்றை என் கையில் கொடுத்தார்.

"ஒன் கையெழுத்துத்தான் அழகா இருக்கும்னு டீச்சர் சொல்றாகள்ல. இதுல எழுது. சித்திக்கு ஆகுறது ஒரு பக்கம், ஆகாதது ஒரு பக்கம்."

நான் அளவுகோல் வைத்துக் கோடு கிழித்தேன். 'ஆகும்', 'ஆகாது' என்று தலைப்பிட்டேன். அம்மா குனிந்து பார்த்துவிட்டு, மூன்றாவதாக இன்னொரு பத்தி வேண்டும் என்றார்.

"யாரு சொன்னதுன்னு பக்கத்துலயே எழுதிரு. நாளைக்கு ஒரு பேச்சு வந்துறக் கூடாது."

'சொன்னவர்' என்று மூன்றாம் தலைப்பை எழுதினேன். சான்று காட்டாமல் எதையும் சொல்லலாகாது என்னும் உயர்ந்த கொள்கையால்தான் அம்மா அப்படிக் கேட்டார் என்று வெகுகாலம் நம்பியிருந்தேன்.

முதலில் எழுதப்பட்டது பப்பாளி. அதைச் சொல்லும்போது அம்மாவின் குரல் தாழ்ந்தது. அடியில் இரண்டு கோடு போடச் சொன்னார். சொன்னவர் யார் என்று கேட்டேன். "ஊரே சொல்லுது" என்றார். 'ஊர்' என்று எழுதினேன். அதன்பின் அம்மா எங்கள் சட்டத்தின் ஒரே விதியை வகுத்தார்: "ஒருத்தர் வேணாம்னாலும் வேணாம்." அதைக் குறிப்பேட்டின் முதற்பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதிக் கட்டம் போட்டேன்.

இத்தகைய விதியின் கீழ் எந்தப் பட்டியலும் வளரவே செய்யும். சித்தியின் மாமியார் சனிக்கிழமைதோறும் சோழவந்தானிலிருந்து பேருந்தில் வருவார். வெற்றிலைக் கொடிக்கால் வேலைக்குப் பழகிய திடமான உடம்பு. வெற்றிலை போட்டுச் சிவந்த வாய். எதையும் தீர்மானமாகச் சொல்லும் பேச்சு. அவர் கணக்கில் உலகத்துப் பண்டங்களுள் பெரும்பகுதி சூடு. அன்னாசி, எள், கருப்பட்டி, பலா, முட்டை, கருவாடு, ஆட்டுக்கறியில் உள்ளுறுப்பு எதுவாயினும், எல்லாம் சூடு. எதிர்வீட்டம்மாவோ குளிர்ச்சிக்கு அஞ்சியவர். வெள்ளரி, கொய்யா, வாழைப்பழம், தயிர், இளநீர் ஆகியவை அவர் வாயிலாக என் குறிப்பேட்டுக்குள் வந்தன. சூடு கொண்டுபோனது போக எஞ்சியதைக் குளிர்ச்சி கொண்டுபோயிற்று. அப்பா எதிலும் தலையிடாதவர். அவர்கூட ஒரு ஞாயிற்றுக்கிழமை நாளிதழின் இணைப்பைப் படித்துவிட்டு, "மீனுல என்னமோ இருக்காம்ல, பேப்பர்ல போட்டிருக்கான்" என்று பொதுவாகச் சொல்லிவைக்க, அயிரை முதல் எல்லா மீனும் அந்தக் கணமே விலக்கப்பட்டன. முருங்கைக்கீரை மழைக்காலத்தில் ஆகாது என்றார் ஒருவர். மழை நின்ற பிறகும் அதைப் பட்டியலிலிருந்து நீக்குவதற்கு விதியில் இடமில்லை.

மருத்துவர் எழுதிக்கொடுத்திருந்த மாத்திரையும் இவ்வாறே வந்து சேர்ந்தது. ஒரு சனிக்கிழமை மாமியார் அந்த அட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது இரும்பு மாத்திரையில்ல? இதத் தின்னா பிள்ள கருவண்டு மாதிரியில்ல பொறக்கும். எங்க கொழுந்தன் மக தின்னா. பிள்ளையத் தொட்டில்ல போட்டா, இருட்டுல தேடணும்."

சித்தி சிரித்துவிட்டார். அம்மா சிரிக்கவில்லை. அட்டையை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு சற்று நேரம் நின்றார். மாத்திரை உணவாகுமா என்று நான் ஐயத்தை எழுப்பினேன்.

"வாய்க்குள்ள போற எல்லாந்தான்" என்றார் அம்மா. நான் எழுதினேன்.

கார்த்திகைக்குள் 'ஆகும்' என்ற பத்தியில் எஞ்சியவை இட்டிலி, சோறு, மிளகு ரசம், பீர்க்கங்காய், பால், மாதுளை. மாதுளைகூட விலை உயர்ந்தது என்பதனால் தப்பித்தது என்று நினைக்கிறேன். விலை உயர்ந்ததைப் பற்றி யாரும் கெடுதலாகப் பேசவில்லை.

சித்தி இவை அனைத்துக்கும் கட்டுப்பட்டார். ஆனால் கேலி செய்யும் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை. என்னைக் கலெக்டரம்மா என்றே அழைப்பார். பலகணியில் நின்றுகொண்டு கூப்பிடுவார்.

"கலெக்டரம்மா, ஒரு மனு. கொய்யாக்காரன் போறான். ஒரே ஒரு கடி."

நான் குறிப்பேட்டைப் புரட்டி, "கொய்யா. ஆகாது. சளி பிடிக்கும். சொன்னவர் எதிர்வீட்டம்மா" என்று படிப்பேன்.

"மனு தள்ளுபடியா? நல்லா இருங்க தாயி. அடுத்த பிறவியில நீங்க உண்டாயி இருக்கப்ப நான் கலெக்டரா வாரேன்."

பொங்கலன்று வெல்லம் சூடு என்பதால் அவருக்கு மட்டும் வெண்பொங்கல் வைக்கப்பட்டது. எங்கள் வீட்டுச் சர்க்கரைப் பொங்கலின் நெய் மணத்தை அவர் கண்ணை மூடி மோந்துவிட்டு, "மோந்து பாக்குறது பட்டியல்ல இருக்கா?" என்று கேட்டார். இல்லை என்று நான் அனுமதி அளித்தேன்.

ஆனால் பொங்கலுக்கு முன்பே, கார்த்திகையிலேயே, சித்தியிடம் ஒரு மாறுதல் தொடங்கியிருந்தது. திடீரென்று அவருக்குப் பக்தி மிகுந்தது. அதுவரை கோவிலுக்குச் சென்றால் வளையற்கடைகளைச் சுற்றி வருவதையே முதன்மையான வழிபாடாகக் கொண்டிருந்தவர், இப்போது காலையில் குளித்ததும் பூசை அலமாரியின் முன் நின்றார், விளக்கேற்றியதும் நின்றார், நடுப்பகலிலும் நின்றார். நெற்றி நிறையத் திருநீறு பூசி, எங்கள் வழக்கப்படி ஒரு சிட்டிகையை நாவிலும் இட்டுக்கொள்வார். ஓராண்டுக்குப் போதுமான திருநீறு ஒரு வாரத்தில் தீர்ந்தது.

மாமியார் நெகிழ்ந்துபோனார். "வயித்துல இருக்கது சும்மா பிள்ளையில்ல தாயி. முருகன் வாரான். அவந்தான் கேக்குறான்."

அதுமுதல் எங்கள் வீட்டுக்கு எல்லாத் திசைகளிலிருந்தும் திருநீறு வந்தது. திருப்பரங்குன்றத்திலிருந்து மாமியார் கொணர்ந்தார். சிம்மக்கல்லில் மொத்தக்கடை ஒன்றில் வேலை பார்த்த சித்தப்பா, மாலையில் சித்தியைப் பார்க்க வரும்போதெல்லாம் வழியிலுள்ள கோவிலில் வாங்கி வந்தார். அப்பாவின் அலுவலக நண்பர் பழனிக்குப் போனவர் ஐந்து பொட்டலம் கொடுத்தனுப்பினார். எதுவுமே கொடுக்க இயலாதபடி பட்டியல் கட்டிப்போட்டிருந்த ஒரு பெண்ணுக்குக் கொடுப்பதற்கு ஒன்று கிடைத்துவிட்ட மகிழ்ச்சி எல்லார் முகத்திலும் தெரிந்தது.

அரையாண்டு விடுமுறையில் ஒருநாள் பிற்பகல். அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தார். காய்ந்த துணியை எடுத்துவர நான் மொட்டைமாடிக்குப் போனேன். தண்ணீர்த் தொட்டியின் நிழலில் சித்தி கால் நீட்டி அமர்ந்திருந்தார். மடியில் பிரிந்த பொட்டலம். உள்ளங்கையில் கொட்டிக் கொட்டி, பொரிகடலை தின்பதுபோல் திருநீற்றைத் தின்றுகொண்டிருந்தார். உதடுகள் வெளுத்திருந்தன. கண்கள் பாதி மூடியிருந்தன. வழிபாட்டின்போது அவர் முகத்தில் இத்தகைய நிறைவை நான் கண்டதில்லை.

என்னைப் பார்த்ததும் திடுக்கிட்டு, பிறகு சிரித்தார். "ஆத்தாடி, கலெக்டர் ரெய்டு!"

"இத எப்பிடி சித்தி திங்கிறீங்க?"

"தெரியலடி. அந்த வாசம் மூக்குல ஏறுச்சுன்னா பல்லெல்லாம் கூசுது. மழை பேஞ்சா மண்ணு வாசம் வரும்ல, அதுக்கும் இப்பிடித்தான் இருக்கு. இத்துனூண்டு போட்டுப் பாக்குறியா?"

நாவில் வைத்துப் பார்த்தேன். புகையும் சுண்ணாம்பும் கலந்த சுவை. துப்பினால் பாவம் என்பதால் விழுங்கிவிட்டேன். அம்மாவிடம் சொல்லட்டுமா என்று கேட்டேன். சித்தியின் சிரிப்பு நின்றது.

"வேணாம். துன்னூறுதான, சாமி குடுக்குறதுல ஆகும் ஆகாதுன்னு இருக்கா? ஏற்கெனவே ஒங்கம்மா ராவெல்லாம் தூங்குறதில்ல. அவட்டச் சொல்லாத. சத்தியம் பண்ணு."

செய்து கொடுத்தேன். அன்று மாலை குறிப்பேட்டைத் திறந்துவைத்துக்கொண்டு நான் பட்ட பாடு பெரிது. வாய்க்குள் போவதெல்லாம் பட்டியலில் வரவேண்டும் என்பது அம்மாவின் வாக்கு. ஆனால் இறைவனின் திருநீற்றை 'ஆகாது' என்பதன் கீழ் எழுதினால் கை விளங்குமா? 'ஆகும்' என்பதன் கீழ் எழுதலாமென்றால், 'சொன்னவர்' யார்? முருகன் என்று எழுதலாம் என்று ஒரு கணம் தோன்றியது. மாமியாரே சொல்லியிருக்கிறார், எனினும் முருகன் என்னிடம் நேரில் சொல்லவில்லை. விதியின்படி, வேண்டாம் என்று ஒரு பெரியவராவது சொல்லியிருக்க வேண்டும். யாரும் சொல்லவில்லை. ஆகவே எழுதாமல் விட்டேன். அந்த முடிவில் ஒரு பிழையும் இல்லை என்று என் மனச்சான்று உறுதி கூறிற்று.

மார்கழி முடிவதற்குள் சித்தி மாடிப்படியின் பாதியில் அமர்ந்து மூச்சு வாங்கலானார். துணி பிழியும்போது கை நடுங்கியது. உள்ளங்கைகளும் நகங்களும் வெளிறின. ஆனால் அதையும் வீட்டில் நற்குறியாகவே கொண்டார்கள். பாலில் கலந்து கொடுத்த குங்குமப்பூ வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்றார் மாமியார். "பாத்தியா, மொகத்துல வெளுப்புத் தட்டுது. தாயே இப்பிடிச் செவக்குறான்னா, உள்ள இருக்கது ரோசாப்பூவாத்தான் வரும்."

சித்தியின் முகம் வெளுக்க வெளுக்க எங்கள் வீட்டில் நம்பிக்கை வளர்ந்தது.

பொங்கல் விடுமுறையின் கடைசி நாள் காலை, சித்தி கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவர், ஈரச்சேலையைப் பிடித்தபடியே சுவரோடு சரிந்து தரையில் அமர்ந்தார். பிறகு தலை ஒருபுறம் சாய்ந்தது. அம்மா ஓடிவந்து மடியில் தூக்கிக் கிடத்தி, "ஏண்டி! ஏண்டி! கண்ணத் தொறடி!" என்று கன்னத்தைத் தட்டினார். அம்மாவின் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை. சித்தி கண் விழித்ததும் சொன்ன முதற்சொல், "ஒண்ணுமில்லக்கா" என்பது.

ஆட்டோவில் அம்மாவும், பொங்கலுக்கு வந்து தங்கியிருந்த மாமியாரும், இருவருக்கும் நடுவே சித்தியும் அமர்ந்தார்கள். வீட்டில் விட்டுச்செல்ல ஆளில்லாததால் என்னை ஓட்டுநரின் பக்கத்தில் ஏற்றினார்கள். மருத்துவர் விவரம் கேட்கக்கூடும் என்று குறிப்பேட்டை மறவாமல் எடுத்துக்கொண்டேன்.

மருத்துவர் நடுவயதுப் பெண்மணி. சித்தியின் கீழிமையை இழுத்துப் பார்த்தார். நகங்களை அழுத்திப் பார்த்தார். இரத்தம் எடுக்கச் செய்தார். வயிற்றில் ஒரு கருவியை வைத்தபோது, குதிரை ஒன்று தொலைவில் ஓடுவதுபோன்ற ஓசை அறையில் நிறைந்தது. அதுதான் பிள்ளையின் இதயம் என்றார்கள். அதுவரை எங்கள் பட்டியல் யாரைப் பற்றியது என்றே நான் எண்ணிப் பார்த்ததில்லை.

இரத்தச் சோதனையின் தாள் வந்தது. மருத்துவர் அதை இரண்டு முறை பார்த்தார்.

"பிள்ள நல்லா இருக்கு. ஆனா இவங்களுக்கு ரத்தமே இல்லையேம்மா. இருக்க வேண்டியதுல பாதிதான் இருக்கு. இப்பிடியே பிரசவத்துக்குப் போனா தாயிக்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து. நான் குடுத்த மாத்திரையச் சாப்பிடுறாங்களா, இல்லையா?"

விடை என் கையில் இருந்தது. நான் எழுந்து நின்று, பள்ளியில் படிப்பதுபோல் உரத்துப் படித்தேன்: "இரும்பு மாத்திரை. ஆகாது. பிள்ளை கறுக்கும். சொன்னவர், சித்தியின் மாமியார்."

மாமியார் பதறினார். "அய்யய்ய! கறுக்கும்னுதான் சொன்னேன் டாக்டரம்மா, திங்காதன்னா சொன்னேன்? கோர்ட்டுல வாசிக்கிற மாதிரியில்ல வாசிக்குது இது!"

மருத்துவர் கை நீட்டினார். குறிப்பேட்டைக் கொடுத்தேன். முதற்பக்கங்களைப் புன்னகையோடு புரட்டியவர், போகப் போகப் புன்னகையை இழந்தார். "அப்ப எதத்தான் சாப்பிடுறாங்க?" என்றார். பிறகு சித்தியை நோக்கி, "மண்ணு, சாம்பல், பச்சரிசி, இந்த மாதிரி எதையும் திங்கத் தோணுதா?" என்று கேட்டார்.

"இல்ல டாக்டர்" என்றார் சித்தி.

நான் செய்துகொடுத்த சத்தியம் நினைவில் இருந்தது. அந்தக் குதிரையின் ஓட்டமும் இன்னும் காதில் இருந்தது.

"துன்னூறு திங்கிறாங்க" என்றேன். "பாக்கெட் பாக்கெட்டா."

மாமியார் இரு கன்னங்களிலும் போட்டுக்கொண்டார். அம்மா தங்கையைத் திரும்பிப் பார்த்தார். சித்தி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நெத்தியில எம்புட்டு வேணும்னாலும் பூசிக்கட்டும்" என்றார் மருத்துவர். "வயித்துக்குள்ள வேணாம். ரத்தம் கொறஞ்சா நாக்கு இப்பிடித்தான் சாம்பலத் தேடும். சாமி மேல பழி போடாதீங்க." பிறகு முதற்பக்கத்துக்கு வந்து, நான் கட்டம் போட்டிருந்த வரியில் விரலை வைத்தார். "ஒருத்தர் வேணாம்னாலும் வேணாம். இந்த ரூலப் போட்டது யாரு?"

"நாந்தான் டாக்டர்" என்று சித்தி உடனே சொன்னார்.

எங்கள் வீட்டில் பொய்க்குத் தண்டனை உண்டு, தண்டிப்பவர் அம்மா. எனவே சித்தியைத் திருத்துவது என் கடமை என்று கருதினேன். "இல்ல சித்தி. அம்மாதான சொன்னாங்க."

யாரும் என்னைப் பாராட்டவில்லை. மாமியார்தான் பேசினார், அதுவும் கடுமையாக அல்ல, அம்மாவுக்குப் பரிந்துபேசும் குரலில். "அவளச் சொல்லிக் குத்தமில்ல டாக்டரம்மா. போன வருசம் எம் மருமக அவ வீட்டுக்கு விருந்துக்கு வந்தப்ப, அவ அறுத்துக் குடுத்த பப்பாளியிலதான அது போச்சு. அந்தப் பயம் மனசுல இருக்குமில்ல."

"அத்தே, அத ஏன் இப்ப..." என்று சித்தி எழ முயன்றார்.

மருத்துவர் எழுதுகோலை மேசையில் வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தார். "பழமா, காயா?"

"பழம்."

"நல்லாப் பழுத்ததா?"

அம்மா தலையசைத்தார்.

"பழுத்த பப்பாளி ஒரு துண்டு தின்னு யாருக்கும் கலையாதும்மா. அந்த மாசத்துல போறது பெரும்பாலும் கருவே சரியா உண்டாகாததாத்தான் இருக்கும். நீங்க எதக் குடுத்திருந்தாலும், குடுக்காம இருந்திருந்தாலும், அது நின்னிருக்காது."

இதைக் கேட்டதும் அம்மாவின் முகம் தெளியும் என்று எதிர்பார்த்தேன். அவர் முந்தானை நுனியை விரலில் சுற்றி, அவிழ்த்து, மறுபடியும் சுற்றினார்.

"ரெண்டு துண்டு டாக்டர்" என்றார். "ஒரு துண்டுன்னுதான் எல்லார்ட்டயும் சொன்னேன். ரெண்டு துண்டு குடுத்தேன். இவ இன்னொண்ணு கேட்டா."

மருத்துவர் மிகத் தணிந்த குரலில், "ரெண்டுன்னாலும் அதேதாம்மா" என்றார்.

அம்மாவும் ஓராண்டாகப் பொய் சொல்லி வந்திருக்கிறார், அதை இப்போது முறையாக ஒப்புக்கொண்டுவிட்டார் என்ற அளவில் எனக்கு நிறைவாக இருந்தது. அதற்காக ஒரு பெரியவர் ஏன் முந்தானையை அப்படி முறுக்க வேண்டும் என்பதுதான் விளங்கவில்லை.

மருத்துவர் சிவப்பு மையால் என் குறிப்பேட்டைப் பக்கம் பக்கமாக அடித்துக்கொண்டே போனார். பப்பாளியை மட்டும் அடிக்கவில்லை. அதன் அருகில் 'காய்' என்று சேர்த்தார். சரியாக வேகாத முட்டை, வேகாத கறி, தம்மைக் கேட்காமல் கொடுக்கும் நாட்டு மருந்து என்று இன்னும் மூன்றைத் தம் கைப்பட எழுதினார். 'சொன்னவர்' என்ற இடத்தில் எதுவும் எழுதவில்லை. மற்றவை யாவும் அளவோடு ஆகும் என்றார். பல மாத உழைப்பு. நான் வீடு வரும்வரை யாரிடமும் பேசவில்லை. அம்மாவும் என்னிடம் பேசவில்லை. அது என் துயரத்தை மதிக்கும் மௌனம் என்றே கொண்டேன்.

அன்று மாலை மாத்திரை அட்டையைத் தேடி எடுத்தவர் மாமியார்தான். ஒன்றைப் பிரித்து, தண்ணீரும் கொணர்ந்து சித்தியிடம் நீட்டினார். "இந்தா, கறுத்தாக் கறுக்கட்டும். முழுங்கு."

பங்குனிக் கடைசியில் பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம். குழந்தை நல்ல கறுப்பு. மாமியார் அவளைக் கையில் வாங்கி, "நாஞ் சொன்னேன்ல?" என்று மருத்துவமனை முழுதும் பெருமையோடு காட்டி வந்தார்; அதன்பின் அவளைக் கீழே விடவே இல்லை.

இவையெல்லாம் பின்னர் நிகழ்ந்தவை. என் நினைவில் தங்கியிருப்பதோ, மருத்துவரிடம் சென்று வந்த மறுநாள் காலை.

அன்று பள்ளி திறந்தது. அப்பா விடியும்போதே கறிக்கடைக்குப் போய்ச் சுவரொட்டி வாங்கி வந்திருந்தார். ஆட்டின் மண்ணீரலை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள்; தின்றால் இரத்தம் ஊறும் என்பார்கள். நன்றாக வேகவேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்ததை அம்மா அளவுக்கு மீறியே மதித்து, தோல்போல் ஆகும்வரை வதக்கி, மிளகுத்தூள் தூவி, தட்டில் எடுத்துச் சித்தியின் முன் வைத்தார். வைத்துவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றார்.

சித்தி தட்டைத் தொடவில்லை.

"ஊட்டி விடுக்கா."

"ஏண்டி, ஒனக்குக் கையில்லையா?"

"இருக்கு. நீ ஊட்டு."

அம்மா அடுப்பைப் பார்த்தார், சன்னலைப் பார்த்தார். பிறகு எதிரில் வந்து அமர்ந்து, ஒரு துண்டை எடுத்தார். எடுத்த கை தட்டுக்கும் வாய்க்கும் நடுவே நின்றுவிட்டது. சித்தி குழந்தையைப்போல் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். நெடுநேரம் திறந்தே வைத்திருந்தார். அம்மா ஊட்டினார். அது தொண்டையில் இறங்கும்வரை தங்கையின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொரு துண்டு" என்றார் சித்தி.

அவ்வளவில் அம்மா அழத் தொடங்கினார். சத்தமில்லாத அழுகை, தோள்கள் மட்டும் குலுங்கின. சித்தி அந்தக் கையைப் பிடித்துத் தாமே தட்டருகே கொண்டுபோய், அடுத்த துண்டை எடுக்கச் செய்தார்.

அந்த ஓராண்டில் அம்மா தம் தங்கைக்குத் தம் கையால் ஒரு பண்டத்தையும் எடுத்துக் கொடுத்ததில்லை என்பதும், சித்தி அந்தப் பட்டியலில் ஒரு வரியைக்கூட நம்பியவரல்லர் என்பதும், அக்காள் ஓரளவேனும் உறங்கட்டும் என்பதற்காகவே அத்தனை மாதங்கள் பசித்திருந்தார் என்பதும் பின்னாளில் நானாக எண்ணி எண்ணிக் கண்டவை. அன்று காலை நான் கண்டது வேறு. கை கால் திடமாக உள்ள ஒரு பெரிய மனுஷி, ஊட்டி விடச் சொல்லி அடம் பிடிக்கிறார், அதற்கு இன்னொரு பெரிய மனுஷி அழுகிறார், பள்ளிக்கு நேரமாகிறது, எனக்குத் தலை பின்னிவிட ஒருவரும் இல்லை. சீப்பும் கையுமாக வாசற்படியில் நின்று, "அம்மா, பஸ் போயிரும்" என்று மூன்று முறை கூப்பிட்டேன். இருவரில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.